காரணம் சொல்லாமல் மறுப்பது எப்படி

தம்பி,

இந்தக் கடிதத்தை நீ ஒரே மூச்சில் வாசித்து முடிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நீ சேர்த்து வைத்த தமிழுக்கு ஒரு பக்கம் தாண்டினாலே மூச்சு வாங்கும். பரவாயில்லை. லீட்ஸில் உன் புது அறையில், பஸ்ஸில், வேலை இடைவேளையில் என்று கொஞ்சம் கொஞ்சமாக வாசி. பள்ளியின் ஆண்டு மலருக்குப் பெற்றோர் ஒருவர் தன் பிள்ளைக்கு எழுதும் கடிதம் வேண்டும் என்று கேட்டார்கள். மேடையில் பேசச் சொல்லியிருந்தால் நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். எழுதச் சொன்னபடியால் தலையாட்டிவிட்டேன். ஆகவே உன்னோடு சேர்த்து வேறு பலரும் இதை வாசிப்பார்கள். இதில் வரப்போகிறவர் அப்பாவின் அக்கா, எனக்கு மச்சாள், உன் சரோ மாமி. அவரிடம் அனுமதி கேட்டுவிட்டேன். "எழுது. ஆனா என்னைக் கிழவியாக்கிப் போடாத" என்றார்.

நீ வீட்டைவிட்டுப் போனபோது உடுப்பையும் கணினியையும் கொண்டுபோனாய், புத்தகத் தட்டை அப்படியே விட்டுவிட்டுப் போனாய். உன் அறையைக் கூட்டப் போகும் ஒவ்வொரு முறையும் அந்தத் தட்டு என்னைப் பார்க்கும். காலையில் எழுவது பற்றி ஒன்று, பழக்கங்கள் பற்றி ஒன்று, பயத்தை வெல்வது பற்றி இரண்டு, மனதை அமைதியாக வைப்பது பற்றி எத்தனையோ. எல்லாவற்றின் அட்டையிலும் சூரியன் உதிக்கும், அல்லது ஒரு மனிதன் மலை உச்சியில் தனியாக நிற்பான். நீ சுவரில் ஒட்டிய இலட்சியப் படங்களையும் நான் இன்னும் கழற்றவில்லை. அவற்றைப் பார்த்த அன்று அப்பா சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "பிள்ளையாருக்குப் பக்கத்தில காரை ஒட்டி வைச்சிருக்கிறான். ரெண்டையும் சேர்த்துக் கும்பிடட்டும், எது முதல் வருதெண்டு பாப்பம்." நீ கோபித்துக்கொண்டாய். அப்பாவுக்கு இந்தப் புத்தகங்கள் பிடிக்காது என்று நினைத்தாய். அப்படி இல்லை. அந்தக் கார் நிற்பதற்கு எங்கள் தெருவில் இடமில்லை என்பதுதான் அவருடைய கவலை.

நீ நினைப்பது போல இந்தப் புத்தகங்கள் உன் தலைமுறையில் தொடங்கியவை அல்ல. என்னை லண்டனில் பேச வைத்ததே அவைதான். இருபது வயதில், கலியாணம் முடித்துக் கோலியர்ஸ் வுட்டுக்கு வந்து இறங்கியபோது எனக்குப் பாடசாலை ஆங்கிலம் மட்டும் இருந்தது. கடையில் மிச்சக்காசைப் பிழையாகத் தந்தாலும் கேட்காமல் வந்துவிடுவேன். நூலகத்தில் யாரிடமும் எதுவும் கேட்கத் தேவையில்லை என்பதால் அங்கே போய் இருப்பேன். நாவல்கள் கஷ்டமாக இருந்தன. தன்னம்பிக்கைப் புத்தகங்கள் இலகுவாக இருந்தன, ஏனென்றால் அவற்றில் வசனங்கள் சின்னவை, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். புது மொழி படிக்கிறவளுக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆட்களின் கண்ணைப் பார்த்துப் பேசு என்று ஒரு புத்தகம் சொன்னது. முதலில் பஸ் சாரதிகளிடம் பழகினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதால் அவர்களிடம் பயம் குறைவு. இன்னொரு புத்தகம், தினமும் கண்ணாடி முன் நின்று "என்னால் முடியும்" என்று உரக்கச் சொல்லச் சொன்னது. அப்போது நாங்கள் சரோ மாமி வீட்டின் மேல் அறையில் இருந்தோம். கண்ணாடி எல்லோருக்கும் பொதுவான குளியலறையில் இருந்தது. நான் கதவைப் பூட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் தனியாகப் பேசுவதை மாமி கேட்டுவிட்டார். அன்றைக்கே அப்பாவைக் கூப்பிட்டு, "பிள்ளைக்குத் தனிமை பிடிச்சிட்டுது. தன்னோட தானே கதைக்குது. அவளுக்கு ஏதும் படிப்புக்கு வழி செய்" என்று சொல்லியிருக்கிறார்.

என் பட்டப்படிப்பு அப்படித்தான் தொடங்கியது. அதற்குள் நீ பிறந்துவிட்டாய். வீட்டிலிருந்தே படிக்கும் படிப்பு என்றாலும் கைக்குழந்தையோடு எங்கே படிப்பது? மத்தியானம் வேலை முடிந்து வந்ததும் மாமி உன்னைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விடுவார். மாமியின் மகள் தர்ஷினியும் நீயும் கீழே சண்டை பிடிக்கும் சத்தம் மேலே கேட்கும். நான் இறங்கி வந்தால் மாமி, "நீ ஏன் வந்தனீ? புத்தகம் முடிஞ்சுதோ?" என்று கேட்பார். எங்கள் குடும்பத்தில் பட்டம் எடுத்த முதல் ஆள் நான். பட்டமளிப்புப் படத்தில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு இருப்பவர் மாமிதான். அப்பா படம் எடுத்ததால் படத்தில் இல்லை.

இப்போது உன் தட்டுக்கு வருகிறேன். நீ போன பிறகு வீடு மிகவும் சத்தமில்லாமல் போய்விட்டது. உன்னோடு பேசுவது போல இருக்கட்டும் என்று உன் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். சிலதைச் சிரித்துக்கொண்டே வாசித்தேன், சிலதைப் பாதியில் வைத்துவிட்டேன். ஆனால் பல விடயங்கள் எனக்கு நன்மை செய்தன. காலையில் தேத்தண்ணீர் குடிக்கும்போது தேத்தண்ணீர் மட்டும் குடிக்கப் பழகினேன். அதுவரை நான் நின்றுகொண்டே, ஒரு கையால் மத்தியானச் சாப்பாடு கட்டிக்கொண்டே குடித்திருக்கிறேன் என்பதை நாற்பது தாண்டித்தான் கவனித்தேன். பின்னேரங்களில் வாண்டில் ஆற்றோரம் தனியாக நடக்கிறேன். நடக்கும்போது யாருக்கும் போன் எடுப்பதில்லை. ஆற்றில் ஒரு கொக்கு நிற்கிறது. இவ்வளவு காலமும் அது அங்கேயே நின்றிருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் பிடித்தது மறுப்பது பற்றிய புத்தகம். நீயே தபாலில் அனுப்பினாயே, "அம்மா, இது உங்களுக்காகவே எழுதினது" என்று ஒரு துண்டும் வைத்து. உண்மைதான். நான் வேலை செய்யும் பாடசாலை அலுவலகத்தில், மற்றவர்கள் முடிக்காத வேலையெல்லாம் வெள்ளிக்கிழமை பின்னேரம் என் மேசைக்கு வந்து சேரும். ஊராரின் சாமத்தியவீடு, கலியாணம் எல்லாவற்றுக்கும் பலகாரத்துக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். கை நல்லதாம். வாயில் மறுப்பு வராது என்பதுதான் உண்மைக் காரணம். உன் புத்தகம் சொன்னது மிகத் தெளிவாக இருந்தது. மறுக்கும்போது காரணம் சொல்லக்கூடாது. காரணம் சொன்னால் எதிரில் இருப்பவர் அதை உடைப்பதற்கு வழி தேடுவார். அமைதியாக, குறுகிய ஒரு வசனத்தில் சொல்லிவிட்டு நிறுத்து. நான் ஆற்றோரம் நடந்தபடி அந்த வசனத்தைப் பாடம் பண்ணினேன். அடுத்த வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் சொன்னேன், "மன்னிக்கவும், இன்று என்னால் இதை எடுக்க முடியாது." அந்தப் பெண் என்னைப் பார்த்தார், "ஓகே" என்றார், கோப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான். இருபது வருடமாக நான் பயந்தது இந்த ஒரு "ஓகே"க்கு. அன்று ஆற்றோரம் நான் நடந்த நடையை அந்தக் கொக்குப் பார்த்திருந்தால் பறந்திருக்கும்.

அந்த உற்சாகத்தில்தான் நூலகத்தில் மாதம் ஒருமுறை ஞாயிறு காலையில் கூடும் வாசிப்புக் குழுவில் சேரவும் முடிவு செய்தேன். இந்த மாதிரிப் புத்தகங்களைத்தான் அங்கே வாசித்துப் பேசுகிறார்கள். முன்பு போய், கதவுக் கண்ணாடிக்குள்ளால் வட்டமாகப் போட்ட கதிரைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். இந்த முறை உள்ளே போவது என்று தீர்மானித்து, நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்தேன். அந்தக் கிழமைதான் மாமியின் போன் வந்தது. தர்ஷினியின் கலியாணத்துக்கு நாள் வைத்தாயிற்று என்பது உனக்குத் தெரியும். மாமி சுற்றி வளைக்காமல் சொன்னார், "பயறு வறுத்துத் திரிச்சு வைச்சிட்டன். ஞாயிற்றுக்கிழமை பலகாரச் சூடு. விடிய நேரத்தோட வந்திடு." பலகாரத்துக்கு ஆள் கூப்பிடும் இன்னொரு போன் என்றுதான் என் காதில் விழுந்தது. நான் மூச்சை உள்ளே இழுத்து, பாடம் பண்ணிய வசனத்தைச் சொன்னேன். "மச்சாள், இந்த ஞாயிறு எனக்கு ஏலாது. வேற ஆரையும் பாருங்கோ." காரணம் சொல்லவில்லை. புத்தகம் சொன்னபடி நிறுத்தினேன். மாமி "சரி" என்றார். போனை வைத்துவிட்டார்.

நான் உடனே உனக்கு எழுதினேன். நீயும் உடனே பதில் போட்டாய், கை தட்டும் படங்கள் ஒரு வரிசையாக. எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

அன்று பின்னேரம் அப்பா வேலையால் வந்து, உடுப்பும் மாற்றாமல் குசினி வாசலில் நின்றார். அக்கா போன் எடுத்தவ என்றார். என் ஆட்கள் யாரும் செத்துத் தீட்டுத் துடக்கு ஏதும் இருக்கிறதா என்று கேட்டாராம். இல்லை என்றதும், அப்படியென்றால் தன்னில் என்ன பிழை கண்டேன் என்று கேட்டாராம். நான் திகைத்துப் போனேன். நேரமில்லை என்றுதானே சொன்னேன், அதில் பிழை எங்கே வந்தது என்று கேட்டேன். அப்பா அடுப்பைப் பார்த்தபடி சொன்னார்.

"வாறன், கால் உளையுது, பிந்துவன் எண்டு சொல்லியிருந்தாலும் அவ சிரிச்சிருப்பா. கால் உளைவு பொய்யெண்டு தெரிஞ்சாலும் சிரிச்சிருப்பா. நீ ஒண்டும் சொல்லேல்லை. வேற ஆரையும் பாருங்கோ எண்டிட்டாய்." பிறகு குரல் இறங்கியது. "முதல் பணியாரம் போடத்தான் உன்னைக் கூப்பிட்டவ. அத்தான் இருந்திருந்தால் அவவே எல்லாத்தையும் முன்னுக்கு நிண்டு செய்திருப்பா."

தம்பி, அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் குடும்பத்தில் கலியாணப் பலகாரச் சூட்டில் முதல் பணியாரத்தை எண்ணெயில் போடுவது பெண்ணின் தாய்மாமன் மனைவி. அது நான்தான். அதோடு, அத்தான், அதாவது உன் மாமா, செத்த பிறகு மாமி இப்படியான காரியங்களில் முன்னுக்கு வருவதில்லை. யாரும் வராதே என்று சொன்னது கிடையாது. அவராகவே பின்னுக்குப் போய்விடுவார். தாலி கட்டும் நேரத்தில் சமையல் பக்கம் ஏதாவது தேடுவார், பூத்தட்டு வரும்போது தண்ணீர் குடிக்கப் போவார். இவ்வளவையும் பார்த்துக்கொண்டு வந்தவள் நான். பேசத் தெரியாதவள் என்றாலும் பார்க்கத் தெரிந்தவள் என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது. தன் மகளின் கலியாணத்தில் தன் இடத்தில் நிற்க வா என்று அவர் கேட்டதைத்தான் நான் வேறு ஆளைப் பார் என்று சொல்லிவிட்டேன். அதை அவர் விளக்கிக் கேட்டிருக்கலாம் என்று நீ சொல்வாய். விளக்கிக் கேட்பதென்றால் எதையெல்லாம் வாயால் சொல்லவேண்டி வரும் என்று யோசித்துப் பார்.

போனில் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. சனிக்கிழமை காலை நானே புறப்பட்டேன். மூர்கேட்டில் ரயில் மாறி, மாமி இப்போது இருக்கும் மனோர் பார்க்கில் இறங்கும்வரை உன் புத்தகம் கைப்பையில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். மறுப்பது எப்படி என்று இருந்தது, மறுத்த பிறகு ஒருவரின் கதவைத் தட்டுவது எப்படி என்று ஒரு அத்தியாயமும் இல்லை. மாமி கதவைத் திறந்து "வா" என்றார். குசினியில் பெரிய தட்டுகளில் வறுத்துத் திரித்த பயற்றம் மா ஆறிக்கொண்டிருந்தது. எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, முதல் பணியாரம் போட இரத்தினம் அக்காவின் மருமகளைக் கேட்டுவிட்டதாகச் சொன்னார். இரத்தினம் அக்கா என்றால் மாமாவின் மூத்த சகோதரி, லூயிஷாமில் இருக்கிறார், உனக்குக் கன்னம் கிள்ளுகிறவர். அந்த மருமகள் கேட்ட உடனேயே வருகிறேன் என்றாளாம். நல்ல பிள்ளையாம். இதை மாமி என்னைப் பார்க்காமல், மாவைக் கிளறிக்கொண்டு சொன்னார்.

நான் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். வேறு எதைச் சொல்வது? மறைக்காமல், வசனத்தைப் பாடம் பண்ணியது, அலுவலகம், வாசிப்புக் குழு எல்லாவற்றையும் சொன்னேன். மாமி கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார்.

"காரணம் சொல்லாதை எண்டு புத்தகத்திலயே கிடக்கோ?"

"ஓம் மச்சாள்."

"எழுதினவனுக்கு மச்சாள் இல்லைப்போல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வாயோரம் அசைந்தது. அந்த ஒரு கணத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து நான் அடுத்த பிழையைச் செய்தேன். நெஞ்சில் இருந்ததை அப்படியே சொன்னேன். "நீங்களே போடுங்கோவன் மச்சாள். உங்கட பிள்ளை. நீங்கள் வறுத்த பயறு. ஆர் என்ன சொல்லப்போகினம்?"

மாமியின் முகம் மூடிக்கொண்டது. "என்ர பிள்ளையின்ர வாழ்க்கையில நீ புத்தகம் படிச்சுப் பழகாத" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பிறகு கதிரையில் அமர்ந்து, என் தேத்தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து ஒரு வாய் குடித்தார். "நாளைக்கு அவளுக்கு ஒரு தலையிடி வந்தாலும் என்ர கையைத்தான் பார்ப்பினம். மற்றவை பார்க்காட்டியும் நான் பார்ப்பன். விளங்குதோ உனக்கு?"

விளங்கியது. தைரியம், பயம் என்று உன் புத்தகங்கள் பிரிக்கும் இரண்டு பெட்டிக்குள்ளும் அது அடங்காது. ஊர் சொல்வதற்குப் பயந்தவர் என்றால் தைரியம் சொல்லலாம். மாமி பயந்தது தனக்குத்தான், தன் மகள் மேல் வைத்த ஆசைக்குத்தான். நானே போடுகிறேன் என்றேன். மருமகள் வந்தால் வரட்டும், முதல் பணியாரம் என்னுடையது, அதை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றேன். இப்ப மட்டும் நேரம் வந்திட்டுதோ என்று கேட்டார். ஓம் என்றேன். மாமி எழுந்து ஒரு தேங்காய்ப் பாதியையும் திருவலையையும் என் முன்னால் வைத்தார். "அப்ப சும்மா இராத, திருவு."

வாசிப்புக் குழுவை அந்த மாதமும் விட்டுவிட்டேன். ஆனால் தம்பி, இதை வாசித்துவிட்டு, அம்மா பழையபடி ஆகிவிட்டா என்று நினைக்காதே. அடுத்த வெள்ளிக்கிழமையும் அலுவலகத்தில் அதே வசனத்தைச் சொன்னேன், காரணம் சொல்லாமல்தான். அங்கே அது சரியான வசனம். பலகாரத்துக்குக் கூப்பிடும் தூரத்து ஆட்களுக்கும் இப்போது மறுப்புச் சொல்கிறேன். அவர்களுக்குக் கால் உளைவு என்று ஒரு பொய்யும் சேர்த்துச் சொல்கிறேன். அந்தப் பொய்யை நான் முன்பு கோழைத்தனம் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. வரமாட்டேன், ஆனாலும் உன்னை வெறுத்து இல்லை என்பதைத்தான் நாங்கள் கால் உளைவு என்று சொல்கிறோம். உன் புத்தகத்தை எழுதியவர் கெட்டிக்காரர்தான். மலை உச்சியில் தனியாக நிற்கிறவனுக்கு எழுதியிருக்கிறார். நீயும் அந்தப் புத்தகத்தை எனக்கு அனுப்பிவிட்டு, அங்கே உன் மேலாளர் சனி ஞாயிறு வேலைக்கு வரச் சொன்னால் பேசாமல் போகிறாய் என்று கேள்வி. அவருக்கு நீ காரணம் சொல்லத் தேவையில்லை, ராசா. மாமியின் போனுக்குத்தான் காரணம் வேண்டும். அவரின் அழைப்பை நீ எடுப்பதில்லையாம், பிறகு ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதுகிறாயாம். அவர் அதை என்னிடம் காட்டி, "இது என்ன சொல்லுறான், வாசி" என்று கேட்கிறார்.

பலகாரம் சுட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை மனோர் பார்க்கில் தூறல். வீட்டுக்குள் எண்ணெய் காய்ச்சினால் புகை எச்சரிக்கை மணி அடித்துத் தெருவையே கூட்டும் என்பதால், பின்வளவில் பிளாஸ்ரிக் கூடாரம் கட்டி, காஸ் அடுப்பு வைத்திருந்தார்கள். இரத்தினம் அக்கா கம்பளித் தொப்பியும் போட்டு, மழை படாமல் நடுவில் கதிரையில் இருந்து எல்லாரையும் ஏவிக்கொண்டிருந்தார். மருமகளும் வந்திருந்தாள். மாமி சொன்னது சரி, நல்ல பிள்ளை. பிள்ளையாருக்கு விளக்கு வைத்தாயிற்று. தர்ஷினி தலைமயிரை உயர்த்திக் கட்டிக்கொண்டு, தன் கலியாணத்துக்குத் தானே வேலை செய்யவேண்டுமா என்று முணுமுணுத்துக்கொண்டு உருண்டை பிடித்தாள். நல்ல நேரம் தொடங்கியது. இரத்தினம் அக்கா என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நான் ஒரு உருண்டையை எடுத்து மாக்கரைசலில் தோய்த்துக்கொண்டு எண்ணெய்க்கு முன்னால் நின்றேன்.

அப்போதுதான் பார்த்தேன், மாமி இல்லை. குசினிக்குள் போய், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு அலுமாரியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அந்த அலுமாரியில் தேடுவதற்கு ஒன்றுமில்லை. முதல்நாள் நான்தான் அதை வெறுமையாக்கித் துடைத்தேன்.

என் கை நின்றுவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் போட மாட்டேன் என்றும் சொல்லலாம், மாமிதான் போடவேண்டும் என்றும் சொல்லலாம். புத்தகத்தின்படி அதுதான் நேர்மை. ஆனால் தன் கையைத் தானே பார்ப்பேன் என்று அவர் சொன்னது காதில் இருந்தது. நான் வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"எனக்கு எண்ணெயின்ர பதம் தெரியேல்லை. மச்சாள் வந்து பாத்துச் சொன்னால்தான் போடுவன்."

லண்டனில் பாதிக் கலியாணத்துக்குப் பலகாரம் சுட்டவள் நான். அங்கே நின்ற ஒவ்வொருவரும் என் கையால் சாப்பிட்டவர்கள். தர்ஷினி உருண்டை பிடிப்பதை நிறுத்திவிட்டாள். இரத்தினம் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "எத்தினை வருசமாச் சுடுறவளுக்கு இண்டைக்குப் பதம் தெரியாதாம்" என்றார். அவர் கண்ணாடிக் கதவைப் பார்த்தார், அதற்குப் பின்னால் இருந்த முதுகைப் பார்த்தார். பிறகு கைத்தடியால் நிலத்தில் தட்டினார். "சரோ, காது கேக்கேல்லையே? பிள்ளைக்குப் பதம் தெரியாதாம். வந்து நிண்டு சொல்லிக் குடு. எண்ணெய் கருகப்போகுது."

மாமி கதவைத் திறந்துகொண்டு வந்தார். ஈரப் புல்லில் வீட்டுச் செருப்போடு வந்தார். என் பக்கத்தில் நின்று எண்ணெயைக் குனிந்து பார்த்தார். "பொறு" என்றார். நான் பொறுத்தேன். "இப்ப" என்றார். நான் கையை எண்ணெய்க்கு மேல் நீட்டினேன், உருண்டையை விடவில்லை. மாமி என் மணிக்கட்டைப் பிடித்தார். உருண்டை எண்ணெயில் இறங்கித் தாழ்ந்து, பிறகு பொன்னிறமாக மேலே வந்தது. முதல் பணியாரத்தை யார் போட்டது என்று கேட்டால் அங்கே நின்ற எல்லோரும் நான்தான் என்பார்கள். மாமியும் அப்படித்தான் சொல்வார். "பொய்க்காரி" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொல்லிவிட்டு, கரண்டியை என்னிடமிருந்து வாங்கிப் பணியாரத்தைத் திருப்பிவிட்டார். மழை கூடிய பிறகும், கடைசி உருண்டை முடியும்வரைக்கும் அவர் உள்ளே போகவில்லை.

அடுத்த மாதம் கலியாணம்; மலர் அதற்குப் பிறகுதான் வரும், உனக்கு மட்டும் இதை முதலே அனுப்புகிறேன். நீ வெள்ளிக்கிழமையே வந்துவிடு, அந்தச் சனி ஞாயிறு வேலைக்கு வரமாட்டேன் என்று இப்போதே சொல்லி வை. அன்றைக்கு நான் மணவறையில் தர்ஷினிக்குப் பின்னால் நிற்கவேண்டி வரும், அசைய முடியாது. தாலி கட்டும் நேரம் கிட்டும்போது மாமி மெல்ல எழுந்து சமையல் பக்கம் போவார். அது உன் நேரம். அவருக்குப் பின்னால் போ. வேட்டி அவிழ்ந்துபோகிறது, எனக்குக் கட்டத் தெரியாது, எங்கே நிற்பது என்றும் தெரியாது, வந்து காட்டுங்கோ மாமி என்று சொல்லு. கையைப் பிடித்து மணவறைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு வந்து, உன் பக்கத்திலேயே நிறுத்திக்கொள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இரத்தினம் அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பார். பொய் சொல்லக் கூச்சமாக இருந்தால் கவலைப்படாதே. உனக்கு வேட்டி கட்டத் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

அம்மா